வெற்றுக் கட்டமும் விடையெண்ணும்

(நம் சங்கத்தின் கல்விக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு எமக்கு இடப்பட்ட பொருள், ஜி.ஆர்.இ. என்னும் தேர்வின் கணக்குப் பகுதியில், விடையெண்ணைத் தாமே தட்டி எழுதவேண்டிய வினாக்களுக்கு விடையிறுக்கும் முறை என்பதாகும். தமிழிலக்கணம் கற்பிக்கும் ஒருவர்க்கும் இப்பொருளுக்கும் யாது இயைபு என்று உங்களுட் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுதல் முறையே. கணிதத்தின் நுட்பங்களை எடுத்துரைக்க வல்லார் இவ்வவையிற் பலர் உளர்; அவர்தம் பணியை யாம் மேற்கொள்ள வந்தோமல்லோம். ஆயினும், இவ்வகை வினாக்களில் மதிப்பெண் இழப்போருட் பலர் கணக்கறியாமையால் இழப்பவரல்லர், வினாவின் சொற்களைச் செவ்வனே படியாமையால் இழப்பவரே என்பது எமது துணிபு. ஒரு வாக்கியம் எதனைக் கேட்கின்றது, எதனைக் கேட்கவில்லை என்று அறுதியிட்டுக் கூறுதல் எம் போன்றார் தொழில். அந்த உரிமை பற்றியே இங்கு நின்று பேசத் துணிந்தோம்.

முதற்கண் இத்தேர்வின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1936ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே கார்னகி கல்வி நிறுவனமும், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா என்னும் நான்கு பல்கலைக்கழகங்களின் மேற்படிப்புத் துறைத் தலைவர்களும் கூடித் தொடங்கிய ஒரு முயற்சியே இதன் வித்து. 1947ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற ஈ.டி.எஸ். என்னும் தேர்வுக் கழகம் பின்னர் இதனை ஏற்று இன்றளவும் நடத்தி வருகின்றது. நெடுங்காலம் இதன் கணக்குப் பகுதியில் வினாவின் கீழே விடைகள் வரிசையாகத் தரப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்றைத் தெரிந்து குறித்தலே தேர்வெழுதுவோர் வேலையாய் இருந்தது. 2011 ஆகஸ்டு மாதத்தில் நடைமுறைக்கு வந்த திருந்திய அமைப்பிலே, விடை எதனையும் தராது வெற்றுக் கட்டம் ஒன்றை மட்டும் காட்டும் வினாக்கள் நிலையான இடம் பெற்றன. திரையில் தோன்றும் கால்குலேட்டரும் அவ்வமைப்போடு வந்தது.

2023 செப்டம்பரில் தேர்வு மேலும் சுருக்கப்பட்டது. இப்பொழுது கணக்குப் பகுதி இரு பிரிவுகளை உடையது. முதற் பிரிவில் 12 வினாக்களுக்கு 21 நிமிடங்கள். இரண்டாம் பிரிவில் 15 வினாக்களுக்கு 26 நிமிடங்கள். ஆக, 27 வினாக்களுக்கு 47 நிமிடங்கள். வினா ஒன்றுக்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் கிடைக்கின்றது. முதற் பிரிவை ஒருவர் எவ்வாறு செய்தார் என்பதைப் பொறுத்தே இரண்டாம் பிரிவின் கடுமை அமையும். மதிப்பு 130 முதல் 170 வரை அளக்கப்படும். இருபத்தேழே வினாக்களைக் கொண்டு நாற்பத்தொரு படிகளை அளக்கின்றமையால், ஒரு வினா பிழைத்தலையும் சிறிதென்று ஒதுக்குதற்கில்லை. வெற்றுக் கட்ட வினாக்கள் அவ்விருபத்தேழனுள் சிலவே ஆயினும், அச்சிலவற்றை இழத்தல் பெரிது.

அண்மை ஆண்டுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பல இத்தேர்வைக் கட்டாயமாக்காது விட்டன என்பது மெய்யே. ஆயினும் கேட்கும் துறைகள் இன்னும் உள. கேளாத இடத்தும், பெயர் பெற்ற கல்லூரியிற் பயிலாத நம் ஊர்ப்புறத்து மாணாக்கன் தன் தகுதியைக் காட்டுதற்கு நல்ல மதிப்பெண் துணையாகலாம். ஒரு குடும்பத்திலிருந்து முதன்முறையாக ஒருவர் கடல் கடந்து படிக்கச் செல்லுங்கால் அக்குடும்பம் எதனை எதனை விற்கின்றது, எதனை அடகு வைக்கின்றது, வங்கியில் எத்துணைக் கடன் பெறுகின்றது என்பதை இங்குள்ள பெரியோர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்துணைப் பாட்டுக்கும் பின்னர், அறிந்த கணக்கை அறியாதார் போலப் பிழைபட எழுதி மீள்வது இரங்கத்தக்கதன்றோ? அதனைத் தடுத்தல் நம் கையில் உளது என்பதே இப்பேச்சின் கருத்து.

இனி வெற்றுக் கட்டத்தின் இயல்பைக் காண்போம். ஐந்து விடைகள் தரப்பட்டு ஒன்றைத் தெரியுமாறு கேட்கும் வினாவில், தேர்வெழுதுவோர்க்கு மூன்று துணைகள் உள. தாம் கண்ட விடை அவ்வைந்தனுள் இல்லையாயின், எங்கோ பிழைத்தோம் என்னும் எச்சரிக்கை கிடைக்கும், இது முதற்றுணை. கணக்கை முன்னின்று செய்ய இயலாதபோது, தரப்பட்ட விடைகளை ஒவ்வொன்றாக வினாவில் இட்டுப் பார்த்துப் பொருந்துவதைக் கொள்ளலாம், இஃது இரண்டாவது. ஒன்றுமே அறியாதபோதும் ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, இது மூன்றாவது. வெற்றுக் கட்டத்தின் முன்னர் இம்மூன்றும் இல்லை. நாம் எழுதிய எண் பிழையாயினும் திரை நம்மைத் தடுக்காது. கணினி அதனை அமைதியாக ஏற்றுக்கொண்டு அடுத்த வினாவைக் காட்டும்.

இவ்வமைப்பு கொடிதென்று கருதற்க. விடைகள் தரப்பட்ட வினாக்களிலே, மாணாக்கர் இயல்பாகச் செய்யும் பிழைகளையெல்லாம் முன்னரே கணக்கிட்டு, அப்பிழைகளால் வரும் எண்களையும் விடைகளாக வைத்தல் தேர்வமைப்போர் வழக்கம். பிழைத்தவன் தன் பிழை எண்ணை அங்கே கண்டு, சரியென்று மகிழ்ந்து குறித்துவிடுவான். வெற்றுக் கட்டத்திலோ அத்தகைய பொறி இல்லை. கட்டத்தில் நாம் இடுவது முழுவதும் நம்முடைய எண்ணே. நம் நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி ஓதிய சிறுவனை ஆசிரியர் வாய்க்கணக்குக் கேட்டபொழுது, ஐந்து விடைகளை நீட்டி ஒன்றை எடுத்துக்கொள் என்றாரல்லர். விடையைச் சிறுவனே சொல்லல் வேண்டும். ஆதலின் இம்முறை நமக்குப் புதிதன்று.

இவ்வினாக்களில் நேரும் பிழைகளை ஐவகையாகப் பகுத்துக் கூறுவோம்.

முதலாவது, கேட்டது ஒன்றாக, கண்டது வேறொன்றாக விடுதல். ஓர் எடுத்துக்காட்டுக் காண்மின். வெறுமையாயிருந்த தொட்டி ஒன்று, ஒரே வேகத்தில் நீர் பாய, 18 நிமிடங்களில் எட்டில் மூன்று பங்கு நிரம்பியது. அது முழுதும் நிரம்ப இன்னும் எத்தனை நிமிடங்கள் ஆகும்? எட்டில் மூன்று பங்குக்கு 18 நிமிடமாயின் ஒரு பங்குக்கு 6 நிமிடம், எட்டுப் பங்குக்கு 48 நிமிடம் என்று விரைவிற் கண்டு 48 என்று எழுதிவிடுவார் பலர். அவர் செய்த கணக்கிற் பிழையில்லை. வினாவிலுள்ள ‘இன்னும்’ என்னும் ஒரு சொல்லை மட்டும் விட்டனர். எஞ்சியது ஐந்து பங்கு; ஆகவே விடை 30. ஆங்கிலத்தில் ‘மோர்’ என்றோ ‘அடிஷனல்’ என்றோ வரும் அவ்வொரு சொல் கண்ணிற் படாமையால் முழு வினாவும் இழக்கப்படுகின்றது. கணக்கின் இறுதிப் படி பெரும்பாலும் ஒரு கூட்டலோ கழித்தலோதான். அரிய பகுதியை முடித்துவிட்ட மகிழ்ச்சியிலே எளிய பகுதியை மறத்தல் மனித இயல்பு.

இரண்டாவது, எதனோடு ஒப்பிடுகின்றோம் என்பதை மயங்குதல். 60 என்பது 48இல் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் விடை 125. 60 என்பது 48ஐவிட நூற்றுக்கு எத்தனை மிகுதி என்று கேட்டால் விடை 25. 48 என்பது 60ஐவிட நூற்றுக்கு எத்தனை குறைவு என்று கேட்டாலோ விடை 20. எண்கள் அவ்விரண்டே, வினாக்கள் மூன்று, விடைகளும் மூன்று. நம் மொழியில் வேற்றுமை உருபு ஒன்று மாறினால் பொருள் முழுதும் மாறுவதை மாணாக்கர் அறிவர். அவனை அடித்தான் என்பதும் அவனால் அடித்தான் என்பதும் ஒன்றாமோ? ஆங்கிலத்தில் உருபின் வேலையை ‘ஆஃப்’, ‘தேன்’ முதலிய சிறு சொற்கள் செய்கின்றன. அவை சிறியனவாயிருத்தலின் கண் அவற்றைத் தாண்டி ஓடுகின்றது. விகிதக் கணக்கிலும் இம்மயக்கம் உண்டு. ஒரு வகுப்பில் ஆடவர்க்கும் பெண்டிர்க்கும் உள்ள விகிதம் 3க்கு 5 என்று சொல்லி, மொத்தத்தில் ஆடவர் எத்தனை பங்கு என்று கேட்டால், எட்டில் மூன்று என்பதே விடை. ஐந்தில் மூன்று என்பது பெண்டிரோடு ஒப்பிட்ட பங்கு.

மூன்றாவது, விடையை எவ்வளவுக்குச் சுருக்க வேண்டும் என்பதைப் பிழைபடப் படித்தல். இங்கே ஓர் ஒலி நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகின்றோம். ‘ஹண்ட்ரட்’ என்றால் நூறு. ‘ஹண்ட்ரட்த்’ என்றால் நூற்றில் ஒரு பங்கு. இரண்டுக்கும் இடையே சொல்லிறுதியில் ஈரெழுத்தே வேற்றுமை. பொருளிலோ பதினாயிரம் மடங்கு வேற்றுமை. 3746.287 என்னும் எண்ணை நூற்றுக்கணக்கிற் சுருக்கினால் 3700. நூற்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கினால் 3746.29. தமிழிலே படித்து வளர்ந்த பிள்ளைகள் இவ்விரு சொற்களையும் ஒன்றாகவே ஒலித்துப் பழகியிருப்பின், படிக்கும்போதும் ஒன்றாகவே கொள்வர். நம் முன்னோர் பதினாறில் ஒன்றை வீசம் என்றும், இருபதில் ஒன்றை மா என்றும், முந்நூற்றிருபதில் ஒன்றை முந்திரி என்றும் தனித்தனிப் பெயரிட்டு வழங்கினர். அவ்வழக்கில் பதினாறையும் பதினாறில் ஒன்றையும் மயங்க இடமேயில்லை. ஆங்கில வழக்கில் இடமுண்டு என்பதை உணர்ந்து, ‘டென்’ என்பதையும் ‘டென்த்’ என்பதையும் வாய்விட்டு வேறுபடுத்திச் சொல்லிப் பழகுதல் நன்று. சுருக்குமாறு வினாவிற் சொல்லாதபொழுது சுருக்காமல் உண்மையான விடையையே எழுதல் வேண்டும் என்பது இத்தேர்வின் விதி.

நான்காவது, இடையிலேயே சுருக்கிவிடுதல். மூன்றில் இரண்டு பங்கை 0.67 என்று சுருக்கிக்கொண்டு 480ஆற் பெருக்கினால் 321.6 வரும். உண்மை விடையோ 320. விடைகள் ஐந்து தரப்பட்டிருப்பின் 321.6க்கு அண்மையில் 320ஐக் கண்டு தெளிந்துவிடலாம். வெற்றுக் கட்டத்தில் அத்தெளிவு வாராது. மற்றொன்று கூறுவோம். 48 பேரில் 17 பேர் தேறினர். தேறியோர் நூற்றுக்கு எத்தனை பேர், பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருக்கி எழுதுக என்பது வினாவாயின், 17ஐ 48ஆல் வகுக்க 0.35416 என்று ஓடும். இதனை அவசரப்பட்டு 0.35 என்று நிறுத்தியவர் 35 என்று எழுதுவர். இறுதிவரை நிறுத்தி வைத்துப் பின்பு சுருக்கியவர் 35.4 என்று எழுதுவர். பின்னவர்க்கே மதிப்பெண். ஆதலின் பின்னத்தைப் பின்னமாகவே கடைசிவரை கொண்டுசெல்லுதல் வேண்டும்; சுருக்குதல் ஒருமுறை, அதுவும் இறுதியில்.

ஐந்தாவது, அளவையும் குறியையும் மறத்தல். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்திற் செல்லும் வண்டி 25 விநாடிகளில் எத்தனை மீட்டர் செல்லும் என்றால் விடை 250. கிலோமீட்டரிலேயே கணக்கிட்டவர் 0.25 என்று எழுதி ஏமாறுவர். இங்ஙனமே எண் 2x + 9 என்பது சுழியினும் பெரிதாக வேண்டுமாயின் x பெறக்கூடிய மிகச் சிறிய முழுவெண் யாது என்ற வினாவுக்கு விடை −4. கழித்தற் குறியை விட்டவர் 4 என்பர். எதிரெண்களில் சிறிது பெரிது என்னும் முறை மயங்கியவர் −5 என்பர். −5ஐ இட்டுப் பார்த்தால் −1 வருதலின் அது பொருந்தாமை உடனே விளங்கும். கட்டத்தின் அருகே நூற்றுக் குறியோ டாலர்க் குறியோ அச்சிடப்பட்டிருக்கின்றதா என்பதையும் நோக்க வேண்டும். நூற்றுக் குறி இருக்குமிடத்து நூற்றுக்கு நான்கு என்பதற்கு 4 என்றே எழுதல் வேண்டும், 0.04 என்று எழுதினால் அது வேறு விடையாய்விடும்.

இவ்வைவகைப் பிழைக்கும் மருந்து யாது? மூன்று பழக்கங்களைக் கூறுவோம். கணக்கைத் தொடங்குமுன், வினாவின் கடைசி வாக்கியத்தை மட்டும் மீண்டும் ஒருமுறை படித்து, கேட்கப்பட்ட பொருளையும் அதன் அளவையையும் எழுதுபலகையில் இரண்டு சொற்களிற் குறித்துக்கொள்க. ‘இன்னும் — நிமிடம்’ என்று குறித்தவர் 48 என்று எழுதமாட்டார். இது முதற் பழக்கம். கணக்கை முடித்தபின், விடை எந்த எல்லைக்குள் இருத்தல் வேண்டும் என்று மதிப்பிட்டுப் பார்க்க. தொட்டியில் பாதிக்கு மேல் எஞ்சியிருத்தலின் இன்னும் ஆகும் நேரம் 18 நிமிடத்தினும் மிகுதியாதல் வேண்டும். இரு மடங்காகிய 36ஐ எட்டாது. 30 அவ்வெல்லைக்குள் நிற்கின்றது, 48 நிற்கவில்லை. இது இரண்டாம் பழக்கம். மூன்றாவது, கண்ட விடையை வினாவில் இட்டுப் பார்த்தல். இம்மூன்றுக்கும் சேர்ந்து அரை நிமிடத்திற்கு மேல் ஆகாது. அவ்வரை நிமிடத்தை மிச்சப்படுத்துவோமென்று முழு வினாவையும் இழத்தல் அறிவுடைமையன்று.

இனிக் கட்டத்தில் எழுதும் முறையைச் சொல்லுவோம். விடை முழுவெண்ணாகவோ தசம எண்ணாகவோ வருமிடத்து ஒரு கட்டம் இருக்கும். பின்னமாக வேண்டுமிடத்து மேலும் கீழுமாக இரு கட்டங்கள் இருக்கும்; மேலதில் தொகுதியும் கீழதில் பகுதியும் எழுதல் வேண்டும். பின்னத்தை மிகச் சிறிய உருவுக்குச் சுருக்க வேண்டுவதில்லை. ஒரு பையில் செம்மணி நான்கும் நீலமணி ஆறும் உள. எடுத்ததைத் திரும்ப இடாமல் இரண்டு எடுத்தால் இரண்டும் செம்மணியாதற்குரிய நிகழ்தகவு யாது என்ற வினாவில், 90இல் 12 என்று எழுதினும் 15இல் 2 என்று எழுதினும் இரண்டும் சரியே. அங்ஙனமே 2.5 என்பதும் 2.50 என்பதும் ஒன்றாகவே கொள்ளப்படும். எதிரெண்ணுக்குச் சிறுகோட்டு விசையை ஒருமுறை அழுத்த வேண்டும். மறுமுறை அழுத்தினால் அக்குறி நீங்கிவிடும். ஆகவே ஐயத்தால் இருமுறை அழுத்தியவர் திரையை ஒருமுறை நோக்குதல் நலம்.

திரையிலுள்ள கால்குலேட்டரைப் பற்றியும் ஒன்றிரண்டு கூறல் வேண்டும். அது பெருக்கலை முன்னும் கூட்டலைப் பின்னும் செய்யும் முறையை உடையது. 1 + 2 × 4 என்று தட்டினால் 9 என்று காட்டும். கடைகளில் வைத்திருக்கும் எளிய கருவிகளிற் பல, தட்டிய வரிசைப்படியே செய்து 12 என்று காட்டும். பழகிய கருவியை நம்பிப் புதியதில் இடறுதல் கூடாது. எட்டு இலக்கத்துக்கு மேற்பட்ட பெரிய எண் வருமாயின் அது பிழையென்று அறிவித்துவிடும். ஒரு கட்ட வினாக்களில், கருவி காட்டும் எண்ணை அப்படியே கட்டத்துக்குள் அனுப்பும் விசை ஒன்றும் உண்டு. அதற்கு ‘டிரான்ஸ்ஃபர் டிஸ்ப்ளே’ என்று பெயர். தட்டுப் பிழையைத் தவிர்க்க அது உதவும். ஆனால் அது சிந்திப்பதில்லை. முன்னர்க் கூறிய தேறியோர் கணக்கில் கருவி 0.35416 என்று நீளும் எண்ணையே அனுப்பும். கட்டம் வேண்டுவதோ 35.4. அனுப்பியபின் திருத்துதல் நம் கடமை.

விடை தெரியாத வினாவை என்செய்வது? இத்தேர்வில் பிழை விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. ஆதலின் கட்டத்தை வெறுமையாக விடுதலாற் பயனில்லை. ஆயினும் வெற்றுக் கட்டத்தில் குருட்டூகம் பலித்தல் அரிது. அதன்பொருட்டு நேரத்தைச் செலவிடுதல் வீண். இரண்டு நிமிடத்தில் வழி புலப்படாவிடின், மதிப்பிட்ட எண்ணொன்றை இட்டு, மீண்டும் காணவேண்டுமென்று குறித்துவிட்டு, அடுத்த வினாவுக்குச் செல்க. அந்தப் பிரிவு முடியுமுன் நேரமிருப்பின் திரும்பி வரலாம்.

கடல் கடந்து செல்ல எல்லார்க்கும் இயலாது. எல்லாரும் செல்ல வேண்டுவதுமில்லை. நம் நாட்டிலேயே மேற்படிப்புக்குரிய கேட் தேர்வை இந்திய அறிவியல் கழகமும் ஏழு ஐ.ஐ.டி.களும் மாறி மாறி நடத்துகின்றன. அதிலும் எண்ணைத் தாமே இடும் வினாக்கள் உள. அங்கே ஒரு விடையை மட்டும் தெரிந்தெடுக்கும் வினாவுக்குப் பிழை விடை தந்தால் மதிப்பெண் குறையும். எண்ணிடும் வினாவுக்குக் குறையாது. அங்குப் பல வினாக்களில், குறித்த எல்லைக்குட்பட்ட எந்த எண்ணும் சரியென்று கொள்ளப்படும். ஆயினும் இடையிற் சுருக்கியவர் அவ்வெல்லைக்கும் அப்பாற் சென்றுவிடுதல் கூடும். ஆகவே இன்று கூறிய பழக்கங்கள் இரு தேர்வுக்கும் பொதுவாவன.

இறுதியாக, இச்சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். பெருநகரங்களிற் பயிற்சிக் கூடங்கள் பல உள. அவை கேட்கும் கட்டணத்தைச் செலுத்த வல்லார் சிலர். வல்லாதார் தளர வேண்டா. தேர்வை நடத்தும் கழகத்தாரே இரண்டு பயிற்சித் தேர்வுகளைக் கட்டணமின்றித் தருகின்றனர். பவர்ப்ரெப் என்பது அதன் பெயர். கணக்குப் பகுதிக்கு வேண்டிய பாடத் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆனால் வீட்டில் கணினி இல்லாத பிள்ளை அவற்றை எங்கே இருந்து பழகும்? கைபேசியின் சிறு திரையில் வினாவைப் படித்துப் பழகிய கண்ணுக்குத் தேர்வுக்கூடத்துத் திரை புதிதாகத் தோன்றும். நம் சங்கக் கட்டடத்தில் திருமண நாட்களொழிய ஏனைய நாட்களிற் பூட்டிக் கிடக்கும் அறையொன்று உண்டு. அதில் நான்கைந்து கணினிகளை அமைத்து, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் திறந்து வைத்து, கணிதம் அறிந்த ஒருவரும் ஆங்கிலம் அறிந்த ஒருவரும் உடனிருக்கச் செய்தால், அது பொன்னும் பட்டும் சார்த்திச் செய்யும் விழாக்களினும் மேலான அறமாகும். பெண்மக்கள் தயக்கமின்றி வந்து பயிலப் பகற்பொழுதாகவே அமைத்தல் வேண்டும். நம் சமூகத்தார்க்கு மட்டுமென்று வாயிலைக் குறுக்காமல், அத்தெருவிலுள்ள எக்குலத்துப் பிள்ளை வந்தாலும் ஓர் இருக்கை தருதல் வேண்டும். ஓர் அறையில் எரியும் விளக்கின் ஒளி இருவர் படிப்பதனாற் குறைவதில்லை.

இளைஞர்காள்! நம் மொழியிலே எண் என்னும் சொல் இலக்கத்தையும் குறிக்கும். எண்ணுதல் என்பது கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். வெற்றுக் கட்டத்தில் ஓரெண்ணை இடுமுன் இவ்விரண்டையும் செய்தவராகுக. வினாவைப் படிக்கும் அரை நிமிடத்தைச் சுருக்காதீர். எழுதிய எண்ணை அகலுமுன் ஒருமுறை நோக்குமின். உங்கட்குத் துணையாக அங்கே பிறர் எழுதி வைத்த விடை எதுவுமில்லை. உங்கள் கல்வியும் உங்கள் கவனமுமே உண்டு. அவ்விரண்டும் போதியன.